வீட்டுத் தோட்டத்தில் கனகாம்பரம்: வேரைப் பார்த்தால் போதும்

கனகாம்பர நாற்று கேட்டு வருகிறவர்களைவிட, வாடிப்போன செடியைப் பிடுங்கிக்கொண்டு என் வாசலுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். "நேத்து வரைக்கும் நல்லா பூத்துச்சு அக்கா, இன்னிக்குத் தலை தொங்கிருச்சு" என்பார்கள். தண்ணீர் எப்படி ஊற்றினீர்கள் என்று கேட்டால், "ரெண்டு வேளையும் ஊத்துறேனே!" என்று பெருமையாகப் பதில் வரும். செடி போன காரணம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

கனகாம்பரத்துக்கு நாம் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. வேருக்கு ஈரம் தேங்காத மண், தலைக்குப் பாதி நிழல். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை வேலை. இரண்டில் ஒன்று இல்லையென்றால் பஞ்சகவ்யம் தெளித்தாலும் பலனில்லை, பணம் கொட்டி உரம் வாங்கிப் போட்டாலும் பலனில்லை.

நம் வீட்டு வாசலில் இருக்கும் பூச்செடிகளில் பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது, துலுக்கச்சாமந்தி மெக்சிகோவிலிருந்து, காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து. கனகாம்பரம் அப்படியில்லை. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதற்குப் பிறந்த மண். காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில், உதிர்ந்த இலைகள் மக்கிய மேல்மண்ணில் தானாக முளைத்து வளரும் சின்னச் செடி அது. ஆடாதோடை, நிலவேம்பு, டிசம்பர் பூ எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே தாவரக் குடும்பம். இரண்டு, மூன்று அடிக்கு மேல் போகாது. வருடக்கணக்கில் பூக்கும். காட்டில் அது எப்படி இருந்ததோ அதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வீட்டிலும் வைத்துவிட்டால் தகராறே இல்லை.

எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். காவிரி கொண்டுவந்து சேர்த்த களிமண், நெல்லுக்கு ராஜா. கனகாம்பரத்துக்கு இதைவிட மோசமான மண் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கொல்லை நாள்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நேரடியாகவே நடலாம். காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலமும் நிற்கிறதென்றால் தரையில் குழி எடுத்து நடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். களிமண்ணில் எடுத்த குழி ஒரு தொட்டிதான், அதில் எவ்வளவு நல்ல எருவைக் கொட்டினாலும் மழைத் தண்ணீர் அங்கே வந்துதான் நிற்கும். பள்ளம் வேண்டாம், மேடு போடுங்கள். ஒரு முழம் அகலத்துக்கு, ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, செம்மண், மக்கிய மாட்டு எரு, மணல் கலந்து நிரப்பி அதன் தலையில் நட வேண்டும். செடிக்குச் செடி இரண்டு அடி விடுங்கள். நடும்போது வெறிச்சென்று தெரியும், ஆறு மாதத்தில் ஒன்றையொன்று தொட்டுவிடும்.

தொட்டியில் வைக்கிறவர்களுக்கு 10 முதல் 12 அங்குலத் தொட்டி போதும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது தரையோடு ஒட்டி அடைபடாமல் இருக்க மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மணல் கிடைக்காத இடத்தில் அரைகுறையாகக் கருக்கிய நெல் உமி போடலாம். தென்னை நார்க்கழிவை அள்ளிப் போடுகிற பழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்திருக்கிறது. மொட்டைமாடி வெயிலில் வைக்கும் காய்கறிக்கு அது சரி. கனகாம்பரத்துக்கு, அதுவும் மழைக்காலம் உள்ள ஊரில், நான் போட மாட்டேன். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பிழிந்தால் சொட்டும்.

நிழல் விஷயத்தில் ஆட்கள் இரண்டு கோடிக்குப் போய்விடுகிறார்கள். பூச்செடி என்றால் வெயில் வேண்டும் என்று மொட்டைமாடி நடுவில் வைப்பது ஒன்று. நிழல் விரும்பும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமரத்தின் கும்மிருட்டில் வைப்பது இன்னொன்று. காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் நேராக விழ வேண்டும், பதினொரு மணிக்கு மேல் இலை இடுக்கில் வடிகட்டி வரும் வெளிச்சம் போதும். முருங்கை, கறிவேப்பிலை, தென்னை இவற்றின் கிழக்குப் பக்கம் அருமையான இடம். வீட்டின் கிழக்குச் சுவரோரமும் சரிதான், கூரைத் தண்ணீர் தலையில் கொட்டாமல் இருந்தால். இடம் சரியா என்பதைச் செடியே சொல்லும். வெயில் அதிகமென்றால் இலையின் பளபளப்பு போய், ஓரம் கருகும், பூவின் நிறம் வெளுக்கும். நிழல் அதிகமென்றால் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, செடி ஒல்லியாக உயரும், கதிர் குறையும்.

சரி, எந்த வகையை வைப்பது? ஆரஞ்சு நிற நாட்டுவகை, மஞ்சள், சிவப்பு, அப்புறம் எல்லோரும் கேட்கும் டெல்லி கனகாம்பரம். டெல்லியின் நிறம் அடர்த்தி, இதழ் பெரிது, கட்டினால் சரம் நிறைவாக இருக்கும். ஆனால் அது விதை கட்டாது. அதன் செல்லில் குரோமோசோம் இரண்டு தொகுதியாக இல்லாமல் மூன்று தொகுதியாக இருப்பதால் விதை உருவாவதில்லை. ஆகவே டெல்லியைக் குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். மற்ற வகைகள் விதையிலும் வரும், குச்சியிலும் வரும். முதல்முறை வைக்கிறவர்களுக்கு நான் நாட்டு ஆரஞ்சைத்தான் கொடுப்பேன். ஒரு செடி போனாலும் அதன் காலடியில் பத்து நாற்று முளைத்திருக்கும். டெல்லி போனால் போனதுதான், மறுபடி ஒரு குச்சிக்கு யார் வீட்டு வாசலிலாவது நிற்க வேண்டும்.

விதை சேகரிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கதிரில் பூ முழுவதும் முடிந்த பிறகு, பச்சைச் செதில்கள் அடியிலிருந்து மேலாகப் பழுப்பாகிக்கொண்டே வரும். ஒவ்வொரு செதிலுக்கு உள்ளேயும் ஒரு சிறு காய், காய்க்குள் நான்கு விதைகள் வரை இருக்கும். முற்றிய காயில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்க வைப்பார்களே பட்டாசுக்காய், அதுவும் இதே குடும்பம்தான். காரணம் இல்லாமல் வெடிப்பதில்லை. மழை வந்த நேரத்தில் விதை விழுந்தால்தானே முளைக்கும்? செடி அந்தக் கணக்கோடுதான் காத்திருக்கிறது. நமக்கு என்ன தொல்லை என்றால், கதிர் காயட்டும் என்று விட்டுவைத்துவிட்டு, சாயங்காலம் குழாயால் தலையோடு தண்ணீர் அடித்தால், சேர்த்துவைத்த விதை அத்தனையும் ஒரே நேரத்தில் பறந்துவிடும்.

அதனால் முக்கால் பங்கு பழுப்பானவுடனே, வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு, கதிரைக் காம்போடு வெட்டிக் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து நிழலில் வைத்துவிடுங்கள். சில காய்கள் பைக்குள்ளே தானாக வெடிக்கும், சத்தம் கேட்கும். மீதிக்கு, அகலமான பாத்திரத்தில் கதிர்களைப் போட்டு, கையில் தண்ணீர் தொட்டுத் தெளித்து, உடனே தட்டால் மூடிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டின் அடியில் பொரிகிற சத்தம் கேட்கும். அடங்கியதும் திறந்து விதையைப் பொறுக்கலாம். நனைந்த விதை வழுவழுவென்று விரலில் ஒட்டும். ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உற்றுப் பாருங்கள். அதுவரை விதையின் மேல் தட்டையாகப் படிந்திருந்த நுண்செதில்கள் மெல்ல எழுந்து, விதையைச் சுற்றி ஒரு கூழ்ப் படலம் உண்டாகும். மண்ணில் விழுந்த இடத்திலேயே அதை ஒட்டவைக்கும் பசை அதுதான். இப்படி நனைந்த விதையை எடுத்து வைக்க முயலாதீர்கள், அன்றைக்கே விதைத்துவிடுங்கள். பையில் தானாக வெடித்த உலர்ந்த விதையை வேண்டுமானால் அடுத்த பட்டத்துக்கு வைக்கலாம். ஆனாலும் கனகாம்பர விதை புதிதாக இருக்கும்போதுதான் நன்றாக முளைக்கும்.

விதைக்க ஒரு அகலமான தட்டுத் தொட்டி போதும். மணலும் மக்கிய எருவும் சமபங்கு. விதையைப் பரப்பி, அது மறையும் அளவுக்கு மட்டும் மணல் தூவி, பூவாளியால் நனைத்து நிழலில் வைக்க வேண்டும். எல்லாம் ஒன்றாக முளைக்காது. இரண்டு வாரத்தில் சில, மூன்று வாரத்தில் சில, அதற்கு மேலும் சில வரும். பாதிதான் வந்தது என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். ஏறக்குறைய 60 நாளில் நாற்று நடும் பக்குவத்துக்கு வரும்.

குச்சி வைப்பதற்கு, பூக்காத இளம் கொம்பின் நுனியில் 10 சென்டிமீட்டர் அளவு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். பென்சில் பருமன் உள்ள முற்றிய தண்டு வேண்டாம், தொட்டால் வளைகிற பச்சைத் தண்டும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில். கீழ்க் கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலை விட்டு, மணலில் ஊன்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் வேர் வரும். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொண்டிருக்கும். மழைக்காலக் காற்றில் இது சுலபம், சித்திரையில் ரொம்பக் கஷ்டம்.

நடுவதற்கு ஆடிப் பட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செம்மண் பூமிக்கு அது சரி. எங்களைப் போன்ற களிமண் ஊருக்கு நான் தை, மாசியைத்தான் சொல்வேன். ஆடியில் நட்ட நாற்று வேர் பிடித்து நிமிரும்போது ஐப்பசி மழை வந்து நிற்கும். தையில் நட்டால் மழை ஓய்ந்த ஈரம் இருக்கும், சித்திரை வெயிலுக்குள் வேர் ஆழமாகப் போயிருக்கும்.

நர்சரியில் வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். கவரைக் கிழித்தால் வேரைச் சுற்றி வெறும் நார்க்கழிவு உருண்டையாக இருக்கும். அதை அப்படியே மண்ணுக்குள் இறக்கினால், சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் அந்த உருண்டை மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும், வேர் வெளியே வராது. ஒரு வாளித் தண்ணீரில் அந்த உருண்டையை அமுக்கி, நாரில் பாதியாவது கழன்றுபோகும்படி அலசி, பிறகு நடுங்கள். இரண்டு மூன்று நாள் செடி சோர்ந்து நிற்கும். நிழல் கொடுத்தால் தேறிவிடும்.

இப்போது வாடல் விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானம் செடி தலை தொங்கினால் உடனே குழாயைத் திறக்காதீர்கள். முதலில் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம், ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா? அப்படியானால் வேர் வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் அழுகலுக்குத்தான் போகிறது.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசினால் கதை தெரியும். நல்ல வேர் வெளிர் நிறமாக, கிள்ளினால் நறுக்கென்று ஒடியும். அழுகிய வேரை இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நிற்கும். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. முடிச்சு இல்லாமல் பழுப்புப் புண்கள் மட்டும் இருந்தால் வேரைக் குடையும் இன்னொரு வகை நூற்புழுவாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இவை. கனகாம்பரத்துக்கு மிகப் பெரிய எதிரி என்று நான் இவற்றைத்தான் சொல்வேன். புழு போட்ட காயத்தின் வழியாகத்தான் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை உள்ளே நுழைந்து செடியைச் சாய்க்கிறது. ஈரம் தேங்கினால் அதற்கு இன்னும் கொண்டாட்டம். பூஞ்சைக்கு மருந்து ஊற்றியும் செடி போய்க்கொண்டே இருக்கிறதென்றால், காயம் போட்ட புழு அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம்.

சாய்ந்த செடியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வேரோடு, சுற்றியிருக்கும் மண்ணில் ஒரு கூடை அளவோடு அப்புறப்படுத்துங்கள். அதே இடத்தில் மறுநாளே இன்னொரு கனகாம்பரத்தை வைப்பதுதான் நிறைய வீடுகளில் நடக்கிறது, அதுவும் அதே வழியில்தான் போகும். அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச்சாமந்தியை நெருக்கமாகப் போடுங்கள். அதன் வேரிலிருந்து வரும் பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. பூ முடிந்ததும் செடியை அங்கேயே கொத்திப் புதைத்துவிடலாம். தக்காளி, கத்தரி, வெண்டை போட்டிருந்த பாத்தியில் கனகாம்பரம் வைக்க வேண்டாம், வேர்முடிச்சுப் புழு இவற்றிலும் வளரும். நடும் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செடியைச் சுற்றி மறுபடி ஒரு கைப்பிடி. மழைக்காலம் தொடங்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய எருவில் கலந்து சில நாள் ஈரமாக வைத்திருந்து போடலாம். இதெல்லாம் வருமுன் காக்கும் வேலை. வந்த பிறகு செய்தால் மனசு ஆறுவதோடு சரி.

தண்ணீர்: தரையில் உள்ள செடிக்கு வாரம் இரண்டு முறை, கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள். தொட்டிக்கு விரல்தான் அளவு. செடியின் காலில் ஊற்றுங்கள், தலையில் வேண்டாம். உதிர்ந்த இலைச்சருகை இரண்டு அங்குலம் மூடாக்காகப் போட்டால் பாதித் தண்ணீர் மிச்சம், காட்டில் அதற்குப் பழக்கமான படுக்கையும் அதுதான். தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றி ஊற்றிச் செடியின் புது இலைகள் வெளிறிவிடும், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்ட மாதிரி நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் காரத்தன்மையில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் புதுத் துளிர் பச்சையாக வரும். கீழ் இலைகள் மஞ்சளானால் இது மருந்தல்ல, அது உரப் பற்றாக்குறையாகவோ வேர்க் கோளாறாகவோ இருக்கும்.

பூப்பறிப்பதும் ஒரு வளர்ப்பு வேலைதான். கதிரில் அடியிலிருந்து மேலாக, ஒரு நேரத்தில் சில பூக்கள் என்று பூத்துக்கொண்டே போகும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் பறித்தால் போதும். என் மாமியார் கதிரோடு ஒடிப்பவர்களைக் கண்டால் பொறுக்க மாட்டார். "இழுக்காதம்மா, உருவு" என்பார். பூவின் குழலை அடியில் பிடித்து மெல்ல மேலே உருவினால் நழுவிக்கொண்டு வரும், செதிலுக்குக் காயம் இல்லை, மேலே இருக்கும் மொட்டுக்கும் பாதகமில்லை. எடையே இல்லாத பூ, ஒரு முழம் கட்டக் கை நிறைய வேண்டும். வாசனை கிடையாது. அதற்குத்தான் பக்கத்தில் மல்லிகையும் மரிக்கொழுந்தும்.

கடைசிப் பூ முடிந்ததும் அந்தக் கதிரை, அதற்குக் கீழே உள்ள முதல் இலைக் கணு வரை வெட்டிவிடுங்கள். விதைக்கு வேண்டிய சில கதிர்களை மட்டும் விட்டால் போதும். வெட்டிய கணுவின் இலை இடுக்குகளிலிருந்து புதுக் கொம்பு வரும், ஒவ்வொன்றிலும் ஒரு கதிர். வெட்டாமல் விட்ட செடி விதை முற்றுவதிலேயே சத்தைச் செலவழித்துவிட்டு மேலே மேலே உயர்ந்து, கால் மொட்டையாக நிற்கும். அப்படி நிற்கும் செடியை மார்கழி முடிந்து தை பிறந்ததும் பாதி உயரத்துக்கு வெட்டி, எரு போட்டு விடலாம்.

பூச்சிகள் பெரிய விஷயமில்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் வரும். எறும்பு ஏறுகிறதென்றால் தேடிப் பாருங்கள், அங்கே ஏதாவது இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் அடங்கும். பூ நிறைந்திருக்கும் நாளில் வேண்டாம், வண்ணத்துப்பூச்சிகள் வரும்.

மூன்றாவது வருடத்துக்கு மேல் செடி இருக்கும், பூ குறையும். அதனால் இரண்டாவது வருடத்திலேயே அடுத்த வாரிசைத் தயார் செய்துகொள்ளுங்கள். நாட்டு வகையாக இருந்தால் மழை ஓய்ந்ததும் செடியைச் சுற்றிக் குனிந்து தேடினால் போதும், களை என்று பிடுங்கிப் போடாமல் இருந்தால் தானாக முளைத்த நாற்றுகள் கிடைக்கும். நான்கு ஜோடி இலை வந்ததும் மண்ணோடு தோண்டி எடுத்து, பழைய பாத்தியில் வைக்காமல், கொல்லையின் வேறு பக்கத்தில் புது மேடு போட்டு நடுங்கள்.